கடைசிக் கம்பு

மூன்றாவது முறை திரை கறுத்தபோதுதான், தன் முதுகுக்குப் பின்னால் காலண்டர் இல்லை என்பதை அபினா கவனித்தாள்.

விளையாட்டின் சத்தம் நிற்கவில்லை. கார் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. ஈரச் சாலையில் டயர் வழுக்கிக் கிறீச்சிடுவதும், இன்ஜின் உறுமி அடங்குவதும் இருட்டுக்குள்ளிருந்து கேட்டன. படம் மட்டும் இல்லை. லேப்டாப்பின் பளபளப்பான கறுப்புக் கண்ணாடியில் அவளுடைய முகம் தெரிந்தது. நெற்றியில் ஒட்டிய முடி, நாற்காலியின் முதுகு, அதற்கும் பின்னால் சுவர். சுவரில் சர்ச் காலண்டர் தொங்க வேண்டும். அந்த இடத்தில் பழுப்பாக ஒரு மங்கல் மட்டும் இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். காலண்டர் அதன் ஆணியில் இருந்தது. ஜன்னல் வழியே வந்த மழைக்காற்றில் அக்டோபர் மாதத்தின் ஓரம் படபடத்தது. மறுபடி அவள் திரைக்குத் திரும்புவதற்குள் படம் வந்துவிட்டது. கார் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் முட்டி நின்றிருந்தது.

"சே," என்றாள்.

நோட்டை இழுத்து எழுதினாள். கறுப்பு 3. மணி 1.15. ஆட்டம் தொடங்கி ஒன்பதாவது நிமிடம். சத்தம் உண்டு. படம் தானாகத் திரும்பியது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்து ஐந்து மாதமாகியும், லேப் ரெக்கார்டு எழுதிய கை மாறவில்லை. காலண்டரைப் பற்றி எழுதவில்லை. அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியவில்லை.

மாலை ஆறு மணிக்கு அத்தான் வருவார். அதற்குள் இது சரியாகியாக வேண்டும்.

லேப்டாப் அத்தானுடையது. பிரதீஷ் அத்தான் அக்காவைக் கட்டி ஏழு மாதம். சவூதியிலிருந்து லீவில் வந்தவர், திரும்பிப் போவதற்கான மெடிக்கலுக்காகச் சென்னைக்குப் போயிருந்தார். அந்த ஒரு வாரத்துக்கு பிரிஜா அக்கா அருமனைக்கு, அம்மா வீட்டுக்கு வந்தாள். படம் பார்க்க லேப்டாப்பையும் எடுத்து வந்தாள். பையைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டாள்.

"இதுல மட்டும் கை வைக்காதட்டி. அவியளுக்க கேமரா எனக்க கையிலேருந்து விழுந்து உடைஞ்சதுக்கு, மாமி இண்ணைக்கு வரைக்கும் பறஞ்சு காட்டிட்டு இருக்கா. வீட்டுக்கு ஆரு வந்தாலும், 'எங்க மருமவ ஒண்ணு உடைச்சாச்சு, அடுத்தது என்னண்ணு பாத்துட்டு இருக்கோம்'னு சிரிச்சிட்டே சொல்லுகா. இதும் போச்சுன்னா எனக்கு அந்த வீட்டுல தலை நிமிந்து நடக்க முடியாது."

அபினா கை வைத்தாள். மத்தியானம் எல்லாரும் தூங்கும் நேரத்தில் கார் ரேஸ் விளையாடினாள். பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூடக் குரல் எழும்பாத அவள், அந்தச் சாலையில் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போனாள். வியாழக்கிழமை டீ போட அடுக்களைக்குப் போய்த் திரும்பும்போது, ஓட்டிலிருந்து ஒழுகிய மழை, திறந்திருந்த லேப்டாப்பின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழையில் அந்த வீட்டில் எதுவும் வெயிலில் காய்வதில்லை. நனைந்த புத்தகம், தலையணை, அப்பாவின் செருப்பு எல்லாம் புகைப்புரைக்குத்தான் போகும். வீட்டுக்குக் கீழே சரிவில், கேட்டுக்குப் பக்கத்தில், ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்துவதற்கென்று கட்டிய, ஜன்னலில்லாத அறை அது. உள்ளே வரிசை வரிசையாக மூங்கில் கம்புகள். அவற்றில், ரோலரில் அழுத்தி எடுத்த ஷீட்டுகள், உடம்பெல்லாம் வைர வடிவில் கோடு விழுந்து, வெள்ளை மாறித் தேன் நிறமாகும்வரை தொங்கும். பின்கோடியில் உள்ள கடைசிக் கம்பில் மட்டும் யாரும் எதையும் போடுவதில்லை. பதிமூன்று வருடத்துக்கு முன் அப்பா இந்தத் தோட்டத்தை வாங்கியபோது, விற்றவர் அப்படித்தான் வைத்திருந்தார். ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிற ராஜையன் மாமாவும் அப்படியே வைத்தார். ஷீட்டு குவிந்து கிடக்கும் நாளில்கூட ஒரே கம்பில் இரண்டிரண்டாக நெருக்குவார்களே தவிர, அதைத் தொடமாட்டார்கள். ஏன் என்று அபினா ஒருமுறை கேட்டிருக்கிறாள். "அது அப்படித்தான்," என்றார் அப்பா.

வியாழக்கிழமை மாலை வேறு எந்தக் கம்பிலும் இடமில்லை. அபினா பேட்டரியைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பைத் தன் பருத்தி ஷாலில் வைத்துத் தொட்டில்போலக் கட்டி, கடைசிக் கம்பில் தொங்கவிட்டாள். இரவு முழுவதும் அது அங்கே வெதுவெதுப்பில் கிடந்தது. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் எடுத்து வந்தாள். அவசரத்தில் ஷாலை அங்கேயே விட்டுவிட்டாள். பேட்டரியைப் போட்டு அழுத்தியதும் லேப்டாப் உயிர் பெற்றது. கொஞ்சம் புகை மணம். அவ்வளவுதான். ஈரப்பதம், ஆவியாதல், மெதுவான வெப்பம். படித்தது வீணாகவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று சனிக்கிழமை. அம்மாவும் அக்காவும் மார்த்தாண்டத்துக்குத் துணி எடுக்கப் போயிருந்தார்கள். அப்பா குலசேகரத்தில் ஒரு கல்யாணத்தில். உறுதிசெய்துகொள்வதற்காக அபினா கார் ரேஸைப் போட்டுப் பார்த்தாள். ஒன்பதாவது நிமிடத்தில் திரை கறுத்தது.

சும்மா விட்டால் ஒன்றும் ஆவதில்லை. சினிமா ஓடினாலும் ஒன்றுமில்லை. விளையாடும்போது மட்டும்தான். அத்தானோ, வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே கார் ரேஸை ஓட்டுகிறவர்.

மார்த்தாண்டத்தில் லேப்டாப் சரிசெய்யும் கடை ஒன்றின் நம்பர் பத்திரிகையில் இருந்தது. பத்து நிமிடம் போனைக் கையில் வைத்திருந்துவிட்டு அழைத்தாள்.

"டிஸ்பிளே எப்பம் போவுது?" என்றார் கடைக்காரர். பின்னால் யாரோ எதையோ திருகும் சத்தம்.

"கேம் விளையாடும்போது."

"வேற எப்பமெங்கிலும்?"

"இல்ல."

"அப்பம் வெளையாடாத மோளே. தீந்தில்லியா?"

டேட்டா கார்டுக்கு ஜன்னல் கட்டையில்தான் சிக்னல் கிடைக்கும். மழைச் சாரலுக்குக் குடையைச் சாய்த்து வைத்து, ஒவ்வொரு பக்கமும் திறக்க இரண்டு நிமிடம் காத்திருந்து தேடினாள். நாலு வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் இதே கோளாறை வரிக்கு வரி எழுதியிருந்தார். விளையாட்டின்போது கறுப்பு, சத்தம் உண்டு, தானாகத் திரும்பும். அபினா குடையை மறந்து திரையருகே குனிந்தாள். கீழே அவரே எழுதியிருந்தார்: சரியாகிவிட்டது, நன்றி. எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. அந்த ஆளைக் கையில் கிடைத்தால் கடித்துவிடலாம் போலிருந்தது.

டிரைவரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். முப்பத்தைந்து நிமிடம் அதில் போனது. படத்தின் தரத்தைக் குறைத்தாள். மூடியை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தாள். பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடித்தாள். மீண்டும் ஓட்டினாள். ஒன்பதாவது நிமிடம் வந்தது.

கறுப்பு 4.

இந்தமுறை திரும்பிப் பார்க்காமல் கண்ணாடியையே பார்த்தாள். அவள் முகத்துக்குப் பின்னால், சுவர் இருக்க வேண்டிய இடத்தில், மேலிருந்து கீழாகப் பழுப்புப் பட்டைகள். திரையின் அடுக்குகளுக்குள் தண்ணீர் போயிருக்கும்; அது காய்ந்த கறை. அப்படித்தான் நோட்டில் எழுதினாள். எழுதி முடிக்கும்போது படம் வந்தது. படத்தில் கறை எதுவும் இல்லை.

பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தச் சுத்தமான படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு டிவியின் நினைவு வந்தது. அத்தானின் லேப்டாப் பையில் கேபிள் இருந்தது. லேப்டாப்பை டிவியில் இணைத்தாள். திரை கறுக்கும்போது டிவியிலும் படம் போனால் கோளாறு உள்ளே; டிவியில் படம் போகாமல் இருந்தால் கோளாறு இந்தத் திரையில் மட்டும். நல்ல சோதனை. காரணத்தை இரண்டாகப் பிரித்துவிடும். மணி இரண்டு நாற்பது. மீண்டும் ஒன்பது நிமிடம்.

டிவியில் படம் அப்படியே இருந்தது. லேப்டாப் கறுத்தது. இந்தமுறை அது சீக்கிரம் திரும்பவும் இல்லை. அதனால் பார்க்க நேரம் கிடைத்தது.

பட்டைகள் கறை அல்ல. அவற்றுக்கு ஓரம் இருந்தது. ஓரங்கள் கீழே சற்றுச் சுருண்டிருந்தன. ஒன்றின்பின் ஒன்றாக, ஏழு வரிசையாக, மேலே கம்புகளிலிருந்து தொங்கின. அவற்றின்மேல் வைர வடிவக் கோடுகள் ஓடின. மெல்ல அசைந்தன. அறையில் ஃபேன் ஓடவில்லை. லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளையிலிருந்து அவள் மணிக்கட்டில் சூடான காற்று பட்டது. அந்தக் காற்றில் ஈர விறகின் புகை, அதற்கு அடியில் சிரட்டையில் உறைந்து அழுகிய ஒட்டுப்பாலின் நாற்றம், அதற்கும் அடியில் வேறு எதுவோ. இனிப்பாக, அடைத்த அறையில் வெகுநேரம் வேர்த்த ஓர் ஆளின் மணம்.

டிவியில் கார் யாரும் ஓட்டாமல் போய்க்கொண்டிருந்தது.

அபினா எழுந்தாள். மேசையை லேப்டாப்போடு சேர்த்து இழுத்து, எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டாள். இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் காலண்டர் இல்லை, இரும்பு அலமாரி. ஒரு மாறியை மாற்றியாயிற்று. உட்கார்ந்தாள். கண்ணாடியில் அலமாரி இல்லை. அதே ஷீட்டுகள். முன்பு எண்ணிய வரிசை ஏழு, இப்போது ஆறு. கடைசி வரிசைக்குப் பின்னால், பின்கோடியில், ஒரு கம்பு தனியாகத் தெரிந்தது. அதில் அவளுடைய நீலப்பூப் போட்ட ஷால் தொட்டில்போலக் கட்டியிருந்தது.

தொட்டில் கனத்துத் தாழ்ந்திருந்தது.

"பிள்ளே."

அவள் நாற்காலியோடு துள்ளினாள். படியில் ராஜையன் மாமா நின்றார். தலையிலிருந்து முழங்கால்வரை உரச்சாக்கின் பிளாஸ்டிக். அதன் நுனிகளிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஆருமில்லியா?"

"அம்மையும் அக்காவும் மார்த்தாண்டம் போயிருக்காவ. அப்பா கல்யாணத்துக்கு."

பிளாஸ்டிக்குக்குள்ளிருந்து எதையோ எடுத்து நீட்டினார். அது நீலப்பூப் போட்ட ஷால். பழுப்பேறியிருந்தது. "இது ஒனக்க துணியில்லியா?"

அவள் வாங்கவில்லை. அவர் படிக்கட்டின் கைப்பிடியில் போட்டார்.

"கடைசிக் கம்புல கெடந்து. தொட்டிலு கெட்டின மாதிரி. நல்ல கனம். ரெண்டு கையும் குடுத்துத்தான் எறக்கினேன். அவுத்துப் பாத்தா உள்ள ஒண்ணும் இல்ல." ஷாலைக் கண்ணால் காட்டினார். "ஆரு போட்டா?"

சொல்லியிருக்கலாம். மாமா திட்டுகிறவர் அல்ல. ஆனால் மாமாவிடம் சொன்னால் அப்பாவுக்குப் போகும். அப்பாவுக்குப் போனால் அம்மாவுக்கு. அம்மா அக்காவைக் கட்டிப்பிடித்து அழுவாள். அத்தான் அதை வாசலிலேயே கேட்டுக்கொண்டு நிற்பார்.

"தெரியாது மாமா."

மாமா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி, மேசையில் கறுத்திருந்த கண்ணாடியைப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, பார்வையை உடனே படிக்கு இறக்கிக்கொண்டார்.

"தெரியாதுன்னா செரி. ஆரு போட்டாலும் எடுத்திட்டு இஞ்ச கொண்டு வராம இருந்தா மதி."

"என்னத்த?"

"எதையும்." சாக்கை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "இருட்டின பொறவு அங்கோட்டு எறங்காத, கேட்டியா? நான் நாளைக்குக் காலத்த வருகேன்."

அவர் சரிவில் இறங்குவதைப் பார்த்தாள். புகைப்புரைப் பக்கம் போகும் பாதையை விட்டு, மரங்களுக்குள் சுற்றிப் போனார்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. அந்த வருடம் எல்லா நாளும் மூன்றிலிருந்து ஐந்துவரை போகும். டிவி அணைந்தது. அதன் கறுப்புக் கண்ணாடியில் அறை ஒழுங்காகத் தெரிந்தது; காலண்டர், அலமாரி, நாற்காலி, அவள். கோளாறு இந்த ஒரு திரையில்தான். அந்த நிலைமையிலும் மனசு அதை ஒரு முடிவாகக் குறித்துக்கொண்டது.

லேப்டாப்பில் படம் திரும்பியிருந்தது. பேட்டரியில் நாற்பது நிமிடம் இருந்தது. லேப்டாப்பை அணைத்துப் பையில் வைத்துவிடலாம். அத்தான் வந்து திறக்கட்டும். ஆனால் அத்தான் திறந்து, ஒன்பதாவது நிமிடம் வந்து, 'இது எப்பமிருந்து?' என்று அக்காவைத் திரும்பிப் பார்ப்பார். அக்காவின் கண்கள் அப்போது எப்படி இருக்கும் என்று அபினாவுக்குத் தெரியும்.

இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி. திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு உண்டு. அது மட்டும் செத்தால் படம் இருக்கும், வெளிச்சம் இருக்காது. அப்போது டார்ச்சைச் சாய்வாக அடித்தால் மங்கலாகப் படம் தெரியும். தெரிந்தால், கெட்டது அந்த விளக்கு. பழைய லேப்டாப்பில் தானாகச் சாவதுதான் அது. யாரும் யாரையும் கேட்க முடியாது. அக்கா தப்பித்துவிடுவாள்.

டார்ச்சைக் காணோம். கதவுக்குப் பின்னால் அப்பாவின் விளக்கு தொங்கியது; விடியலுக்கு முன் பால்வெட்டுக்குப் போகும்போது தலையில் கட்டிக்கொள்வது. அபினா அதை நெற்றியில் கட்டினாள். பட்டையில் அப்பாவின் வேர்வை மணம். அது கொஞ்சம் தைரியமாக இருந்தது. ஆட்டத்தைத் தொடங்கினாள். சாவியை அழுத்திப் பிடித்தாள். ஐந்து நிமிடம். ஏழு. வெளியே மழை தடித்தது. ஆயிரம் மரத்திலும் கட்டிய சிரட்டைகளில் தண்ணீர் நிரம்பி வழியும் ஓசை, தோட்டம் முழுக்க யாரோ மெல்ல மெல்ல எதையோ குடிப்பதுபோல. எட்டு.

ஒன்பது.

கறுப்பு.

நெற்றி விளக்கைப் போட்டாள்.

வெளிச்சம் கண்ணாடியில் படவில்லை. உள்ளே போனது.

திரையின் விளிம்பைத் தாண்டி, ஓர் அறைக்குள் போவதுபோல நீளமாகப் போனது. முதல் ஷீட்டில் விழுந்தது. அதன் நிழல் இரண்டாவதில் விழுந்தது. அவள் தலையை அசைத்தபோது நிழல்கள் அசைந்தன. தேன் நிறம். புகைக்கரி படிந்த மூங்கில். கீழே மண் தரை.

பின்கோடியில் கம்பு காலி.

ஷால் இல்லை. தொட்டில் இல்லை.

படம் இல்லையே, படம்தானே தெரிய வேண்டும், என்று நினைத்தாள். தலையைக் குனிந்தாள். வெளிச்சம் தரையில் ஊர்ந்தது. ஷீட்டுகள் முழங்கால் உயரத்தில் முடிகின்றன. அதற்குக் கீழே வெறும் தரை. முதல் வரிசை. இரண்டாம் வரிசை.

இரண்டாம் வரிசைக்குக் கீழே இரண்டு பாதங்கள்.

அவளை நோக்கித் திரும்பியவை.

காரின் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றதென்று தெரியவில்லை.

அவள் கண் இமைத்தாள். பாதங்கள் முதல் வரிசைக்குக் கீழே இருந்தன.

முதல் ஷீட்டின் ஓரத்தில், உள்ளேயிருந்து, விரல்கள் வந்து பிடித்தன. ஒரு கை. தட்டையாக. நகம் இல்லை. விளக்கொளி அதில் தங்கவில்லை, ஊடுருவிப் போனது. ஷீட்டை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தால் தெரியுமே, அந்தத் தேன் நிறம். உள்ளங்கை முழுக்க வைரக் கோடுகள். அது ஷீட்டைத் திரைச்சீலைபோல ஒதுக்கியது.

மூடியை அறைந்து சாத்தினாள்.

மூடவில்லை.

நடுவே எதுவோ. ஒரு விரல் கனம். இரண்டு கையாலும் அழுத்தினாள். அமுங்கிக் கொடுத்தது. ரப்பர்போல. மறுபடி எழும்பியது. மேலே சாய்ந்து, நெஞ்சை வைத்து அழுத்தினாள். ஏசுவே. ஏசுவே. ஏசுவே.

கிளிக்.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தாள் என்று தெரியாது. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. டிவி தானாக எழுந்து, படமில்லாத நீலத்தில் நின்றது. மழை விட்டிருந்தது. கேட்டருகே ஆட்டோ வந்து திரும்பும் சத்தமும், சரிவில் அக்காவின் சிரிப்பும் கேட்டன.

அபினா மூடியைத் திறந்தாள். திறக்காமல் இருக்க முடியாது.

திரை வெளிச்சமாக இருந்தது. விசைகளின்மேல் ஒரு துளி வெள்ளை, பாதி உறைந்து. நகத்தால் கிள்ளினாள், நூல்போல நீண்டு வந்தது. ஜன்னல் வழியே எறிந்தாள்.

அம்மா அடுக்களையில் மீன் கழுவ, அக்கா புதுச் சேலையை விரித்து மடிக்க, அபினா மூலையில் உட்கார்ந்து கார் ரேஸை ஓட்டினாள். ஒன்பது நிமிடம். பன்னிரண்டு. இருபத்தைந்து. முப்பது. ஒருமுறைகூடக் கறுக்கவில்லை. தானே லேப்டாப்பை அணைத்தாள். கறுப்புக் கண்ணாடியில் அலமாரி தெரிந்தது. நாற்காலி. அவள். ஷீட்டு இல்லை. ஒன்றுமில்லை. வெறும் கண்ணாடி.

அழுகை வந்தது. நோட்டில் எழுதினாள்: சரியாகிவிட்டது. பேனா அங்கேயே நின்றது. எப்படி என்று எழுத எதுவும் இல்லை.

"என்னட்டி, வீடெல்லாம் புகை மணக்குது?" என்றாள் அக்கா.

"மழையில்லியா. கீழேருந்து வருது."

"மேசைய எதுக்குத் திருப்பிப் போட்டிருக்க?"

"சாரல் அடிச்சுது."

அத்தான் ஐந்தே முக்காலுக்கே பைக்கில் வந்துவிட்டார். டீக்கு முன்னால் லேப்டாப் கேட்டார். கார் ரேஸை ஓட்டினார். அபினா அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, சுவர்க் கடிகாரத்தையும் அவர் தோளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்பதாவது நிமிடம் போனது. அத்தான் திடீரென்று நிறுத்தினார்.

"ஆரு இதுல வெளையாடினா?"

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பாலத்துல எனக்க நேரத்தை ஆரோ மூணு செகண்டு வித்தியாசத்துல வெட்டியிருக்கா." திரும்பி அபினாவைப் பார்த்துச் சிரித்தார். "நீயா? கொள்ளாமே! பஸ்ல ஏறவே பயப்படுகவளுக்கு இவ்வளவு ஸ்பீடா?"

"ஒரு தடவ," என்றாள் அபினா.

"வெளையாடினா சொல்லணும் மக்கா. இதுக்கெல்லாம் பயந்தா எப்படி? ஒரு மிஷின்தானே. போனா போவுது."

போனா போவுது. அவ்வளவுதானா? அவள் வாயைத் திறந்தாள். புகைப்புரை, கம்பு, ஷால் எல்லாம் ஒரேயடியாக நாக்கு நுனிக்கு வந்தன. அக்கா அத்தானுக்குப் பின்னாலிருந்து அவளைப் பார்த்து, மெல்லத் தலையசைத்தாள். வேண்டாம், இப்போதுதான் நல்லபடியாகச் சிரிக்கிறார், வேறு எதுவும் சொல்லிவிடாதே. அபினா வாயை மூடிக்கொண்டாள்.

அக்கா லேப்டாப்பைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். தூக்கியவள் முகம் சுளித்தாள்.

"இது ஏன் இப்பிடிக் கனக்குது?"

"புதுச் சேலையையும் இதுல திணிச்சிருப்ப," என்று சொல்லிவிட்டு அத்தான் வெளியே போய் பைக்கை உதைத்தார்.

சேலை கட்டிலின்மேல் இருந்தது. அதைத் தனிக் கவரில் போட்டு ஹேண்டிலில் மாட்டினார்கள்.

அம்மாவும் அபினாவும் படியில் நின்றார்கள். மரங்களுக்கு அடியில் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. வானத்தில் மட்டும் கொஞ்சம் பாக்கி. பைக் சரிவில் மெல்ல இறங்கியது. அக்கா ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை அத்தானின் தோளில். இடது கை மடியிலிருந்த பையை அணைத்திருந்தது. புகைப்புரையைத் தாண்டும்போது அத்தான் பிரேக் பிடித்தார். பின்விளக்கு சிவப்பாக எரிந்தது.

"கையைக் காட்டுகா பாரு," என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டே தானும் கையை ஆட்டினாள். "ஏட்டி, நீயும் காட்டு."

அபினா கையைத் தூக்கினாள். பாதியில் நின்றது.

வலது கை அத்தானின் தோளில். இடது கை பையின்மேல்.

அக்காவின் முதுகுக்குப் பின்னால், மெதுவாக, இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டிருந்த அந்த உள்ளங்கை வழியாகப் பின்விளக்கின் சிவப்பு தெரிந்தது. அதன் குறுக்கே, வைர வைரமாக, கோடுகள்.